ஒரே போதை, இரண்டு பேர்: ஒருவன் மட்டும் சிக்கியது ஏன்? செரோட்டோனின் பற்றி ஒரு கேள்வி

#1 மூன்றாம்பிறை

வணக்கம். இங்கே வெகுநாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுவே முதல் தடவை, தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு இருபத்தாறு வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவனும் அவனுடைய கூட்டாளியும் ஒரே இரவில், ஒரே பொட்டலத்திலிருந்து கொக்கெய்ன் எடுத்தார்கள். கூட்டாளி அதன்பிறகு நாலைந்து தடவை எடுத்துவிட்டு, "எனக்கு இது சரிப்படல" என்று விட்டுவிட்டான். இப்போது கல்யாணமாகி நன்றாக இருக்கிறான். என் தம்பி வேலையை இழந்தான், கடனில் மூழ்கினான், வீட்டில் இருந்த நகையை எடுத்தான். பிடிபட்டு அழுதான், மறுவாரமே திரும்பவும் எடுத்தான். அவன் அழுதது நடிப்பில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் "மனக்கட்டுப்பாடு இல்லாத பையன், வளர்ப்பு சரியில்லை" என்கிறார்கள். அம்மா அதை நம்பிவிட்டாள். அவள் சாப்பிடுவதே குறைந்துவிட்டது.

போன வாரம் ஒரு காணொளியில், மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைந்தவர்கள்தான் போதைக்கு அடிமையாகிறார்கள், 5-எச்டிபி என்ற மாத்திரை எடுத்தால் சரியாகும் என்றார்கள். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. அவன் ஏற்கெனவே மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறான்.

என் கேள்வி இரண்டு. செரோட்டோனினுக்கும் இதற்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா? அந்த மாத்திரையைக் கொடுக்கலாமா?

#2 இரவுப்பணி

அக்கா, முதல் கேள்விக்கு மற்றவங்க வருவாங்க. இரண்டாவது கேள்விக்கு நான் இப்பவே பதில் சொல்றேன்: கொடுக்காதீங்க.

நான் அவசரப் பிரிவில் செவிலியர். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் பெரும்பாலானவை நரம்புகளுக்கு இடையில் இருக்கிற செரோட்டோனின் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கும். கொக்கெய்னும் அதே வேலையைச் செய்யும். 5-எச்டிபி உடம்புக்குள் போய் செரோட்டோனினாகவே மாறும். வடிகாலை இரண்டு பக்கமும் அடைச்சிட்டுக் குழாயை முழுசா திறந்துவிட்டா எப்படி இருக்கும்? அதுக்குப் பேர் செரோட்டோனின் சிண்ட்ரோம். சேரக்கூடாத மருந்து சேர்ந்த சில மணி நேரத்திலேயே ஆரம்பிச்சிடும். பதற்றம், கைநடுக்கம், வியர்த்துக் கொட்டுறது, கண்மணி விரிஞ்சு போறது, வயிற்றுப்போக்கு. பாதத்தை மேல்நோக்கித் தள்ளினா கால் தானா துடிக்கும். முத்திப் போனா காய்ச்சல் எகிறி உயிருக்கே ஆபத்து.

இன்னொண்ணு. டிராமடால் வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் கலந்த இருமல் மருந்து, லினசோலிட் என்கிற ஆன்டிபயாடிக், இதெல்லாமும் இந்தக் கணக்கில் சேரும். தம்பிக்கு எந்த மருந்து வாங்கினாலும் அவன் என்னென்ன எடுக்கிறான் என்பதை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்க. போதைப்பொருளையும் சேர்த்துத்தான் சொல்றேன். வெட்கப்பட்டு மறைச்சதால் சிகிச்சை தாமதமாகித் தவிச்சவங்களை நான் நேரில் பார்த்திருக்கேன்.

#3 நரம்பிழை

இரவுப்பணி சொன்னதைவிட முக்கியமாக நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் மூன்றாம்பிறையின் முதல் கேள்வி என் துறை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அம்மாவுக்கும் இதைச் சொல்ல முடியவேண்டும் என்பதற்காக.

முதலில் ஒன்று. கொக்கெய்ன் எடுத்த எல்லாரும் அடிமையாவதில்லை. அமெரிக்காவில் 1990களில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒரு தடவையாவது கொக்கெய்ன் எடுத்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான் அந்த நிலைக்குப் போயிருந்தார். உங்கள் தம்பியின் கூட்டாளி விதிவிலக்கு அல்ல, பெரும்பான்மையில் ஒருவன். ஆகவே "ஏன் சிக்கினான்" என்பது ஆய்வகங்களில் உட்கார்ந்து யோசிக்கத் தக்க உண்மையான கேள்வி.

2004இல் பிரான்சில் ஒரு குழு எலிகளுக்கு மூன்று மாதம் கொக்கெய்ன் எடுக்கும் வாய்ப்பைக் கொடுத்துப் பார்த்தது. எல்லா எலிகளும் எடுத்தன. ஆனால் கொக்கெய்ன் கிடைக்காது என்று தெரிந்தும் தேடுவதை விடாமலிருப்பது, அதற்காக அளவுக்கு மீறிப் பாடுபடுவது, காலில் மின்னதிர்ச்சி கிடைத்தாலும் விடாமல் எடுப்பது என்ற மூன்று குணமும் சேர்ந்து வந்தது 17 சதவீத எலிகளிடம் மட்டும். மனிதக் கணக்கோடு எவ்வளவு நெருக்கமாக வருகிறது பாருங்கள். எலிக்கு வளர்ப்பு சரியில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இனி செரோட்டோனின். மூளையில் நரம்பணுக்கள் வெளியிடும் டோபமைன், செரோட்டோனின், நாரட்ரீனலின் மூன்றையும் திரும்ப உள்ளிழுக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பம்ப் உண்டு. கொக்கெய்ன் மூன்று பம்புகளையும் அடைக்கிறது. மீண்டும் மீண்டும் தேடவைப்பது முக்கியமாக டோபமைன். வெகுகாலம் ஆராய்ச்சி அதைச் சுற்றியே நடந்தது. கூடவே எகிறும் செரோட்டோனின் என்ன செய்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

அதைக் கேட்டவர்களில் ஜெனீவாவில் கிறிஸ்டியன் லூஷரின் குழு ஒன்று. 2018இல் அவர்கள் சுண்டெலிகளுக்குப் போதைப்பொருளே கொடுக்கவில்லை. நெம்புகோலை அழுத்தினால் டோபமைன் அணுக்கள் ஒளியால் நேரடியாகத் தூண்டப்படும்படி செய்தார்கள். பிறகு மின்னதிர்ச்சியையும் சேர்த்தார்கள். ஏறக்குறைய 60 சதவீத எலிகள் அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தன. கொக்கெய்னில் அப்படி விடாப்பிடியாக நிற்பவை ஏறக்குறைய 20 சதவீதம்தான். டோபமைன் இரண்டிலும் ஏறுகிறது, பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

2021இல் அதே குழு இதற்கு ஒரு விடை தந்தது. செரோட்டோனின் பம்பில் கொக்கெய்ன் ஒட்ட முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளை எடுத்தார்கள். அவற்றுக்குக் கொக்கெய்ன் டோபமைனை ஏற்றும், செரோட்டோனினை ஏற்றாது. விடாப்பிடியாக நின்ற எலிகளின் பங்கு இரண்டு மடங்குக்கும் மேலே போனது. கூடவே வந்த செரோட்டோனின்தான் மற்ற எலிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

எங்கே காப்பாற்றியது என்பதும் தெரிகிறது. கண்குழிக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதி, எது எவ்வளவு மதிப்புள்ளது என்று எடைபோடும் இடம். அங்கிருந்து ஸ்ட்ரையேட்டம் என்ற உள்பகுதிக்கு, அதாவது பழக்கமும் செயலும் பதியும் இடத்துக்கு, நரம்புகள் போகின்றன. விடாப்பிடி எலிகளில் இந்த இணைப்பு முறுக்கேறிக் கெட்டிப்பட்டிருந்தது. செரோட்டோனின் அந்த நரம்பு நுனிகளில் 5-எச்டி1பி என்ற ஏற்பியை, அதாவது அதன் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தைப் பிடித்து, இணைப்பு கெட்டிப்படாமல் தணித்து வைக்கிறது.

இதில் என்னை மிகவும் பாதித்த விஷயம் வேறு. இந்தச் சுண்டெலிகள் உட்கலப்பில் வளர்த்தவை, மரபணுவில் ஏறக்குறைய ஒன்றேபோல் இருப்பவை. ஒரே தீனி, ஒரே மாதிரிக் கூண்டு. அப்படியிருந்தும் சில சிக்கின, பல சிக்கவில்லை. எது சிக்கும் என்பதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. மூன்றாம்பிறை, இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

#4 கடுகளவு

நரம்பிழை அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் செரோட்டோனின் கதைகளில் நாம் ஏற்கெனவே ஒரு தடவை சூடு கண்டிருக்கிறோம், அதனால் மறுத்துப் பேச ஒருவர் வேண்டும்.

"மனச்சோர்வு என்றால் செரோட்டோனின் குறைவு" என்று பல ஆண்டுகள் மக்களிடம் சொன்னார்கள். ஆதாரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் அந்த எளிய கூற்று நிற்கவில்லை. செரோட்டோனின் பம்பின் மரபணுவில் ஒரு குட்டை வடிவம் இருந்தால் வாழ்க்கைத் துயரங்களில் மனச்சோர்வு வரும் என்று 2003இல் வந்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. 2019இல் இலட்சக்கணக்கானவர்களின் தரவைக் கொண்டு சோதித்தபோது ஒன்றும் தேறவில்லை. இப்போது போதைக்கும் அதே மூலப்பொருளா?

எலிகளிலேயே முரண் இருக்கிறது. 1998இல் டோபமைன் பம்பே இல்லாத சுண்டெலிகள் கொக்கெய்னைத் தொடர்ந்து எடுத்தன. 2001இல் டோபமைன் பம்ப், செரோட்டோனின் பம்ப் இரண்டையும் நீக்கியபோதுதான் கொக்கெய்ன் கிடைத்த இடத்தின் மீதான நாட்டம் மறைந்தது. அப்படியானால் செரோட்டோனின் இன்பத்தில் பங்காளியா, இன்பத்துக்குத் தடையா? இன்னும் ஒன்று: செரோட்டோனின் பம்ப் பிறவியிலேயே இல்லாத எலிகளின் மூளையில் நரம்பணுக்களுக்கு வெளியே செரோட்டோனின் நிறைய இருக்கும். உங்கள் கணக்குப்படி அவை பாதுகாப்பாக இருக்கவேண்டும். அவை கூடுதலாகக் கொக்கெய்ன் எடுக்கின்றன.

#5 நரம்பிழை

கடுகளவு, இந்தக் கேள்விகளை எதிர்பார்த்தேன், கேட்டதில் சந்தோஷம்.

நான் "செரோட்டோனின் குறைவு" என்று எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். உடம்பில் இருக்கும் செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில் இருக்கிறது, அது மூளைக்குள் நுழையவே முடியாது. மூளையில் அதைச் சுரப்பது தண்டுப் பகுதியில் ரஃபே என்ற சிறு கொத்து அணுக்கள். அவற்றின் இழைகள் மூளை முழுவதும் பரவுகின்றன, அதைப் பெறும் ஏற்பிகளோ குறைந்தது பதினான்கு வகை. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வேலை. ஆகவே மொத்தம் குறைந்ததா கூடியதா என்ற கேள்விக்கே பொருளில்லை. எந்த இணைப்பில், எந்த ஏற்பியில், வாழ்வின் எந்தக் கட்டத்தில் என்று கேட்கவேண்டும்.

2001 ஆய்வு அளந்தது நாட்டத்தை. ஜெனீவா ஆய்வு அளந்தது வலி கிடைத்தும் விடமுடியாமையை. உங்கள் தம்பியும் கூட்டாளியும், மூன்றாம்பிறை, முதலாவதில் ஒன்றுபோல இருந்திருக்கலாம். பிரிந்தது இரண்டாவதில். இரண்டுக்கும் இயக்கம் வேறாக இருப்பதில் வியப்பில்லை.

பம்பே இல்லாத எலிகள் பற்றிய கேள்வி இன்னும் கனமானது. கருவிலிருந்தே செரோட்டோனின் வெள்ளத்தில் வளர்ந்த மூளை வேறு மாதிரி கட்டப்படுகிறது. அவை பயந்த சுபாவம் கொண்டவை, ஏற்பிகளும் மாறிப்போயிருக்கின்றன. வளர்ந்த மூளையில் சில வாரங்கள் செய்யும் மாற்றத்தோடு அதை ஒப்பிட முடியாது. ஆனால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது: "செரோட்டோனின் கூடினால் நல்லது" என்று யாராவது சொன்னால் அந்த எலிகள் ஒன்றே போதும் அதை மறுக்க.

வளர்ந்த எலிகளில் செய்த வேறொரு வேலையும் இருக்கிறது. 2012இல் கேம்பிரிட்ஜில் பாரி எவரிட்டின் குழு எலிகளின் மூளையில் செரோட்டோனின் நரம்பிழைகளை அழித்தது. தண்டனையை மீறிக் கொக்கெய்ன் தேடும் குணம் கூடியது. செரோட்டோனின் பம்பை அடைக்கும் மனச்சோர்வு மருந்தான சிட்டலோபிராம் கொடுத்தபோது அது குறைந்தது. வேறு ஊர், வேறு முறை, வேறு விலங்கு, ஆனால் ஒரே திசை.

#6 திரும்பிவந்தவன்

போதையை விட்டு நாலு வருடம் இரண்டு மாதம் ஆகிறது எனக்கு. என்னுடையது மெத், அதாவது மெத்தாம்ஃபெட்டமைன்.

ஆய்வு எனக்குப் புரியாது, ஆனால் "வலி கிடைத்தும் விடமுடியாமை" என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன், கொஞ்ச நேரம். கடைசி ஒரு வருடம் எனக்கு அதில் சந்தோஷமே இல்லை. பிடித்ததால் எடுக்கவில்லை. கை போய்க்கொண்டே இருந்தது. "உனக்கு இதுதானே பிடிக்குது" என்று அப்பா கேட்கும்போது, பிடிக்கவில்லை என்று சொன்னால் பைத்தியம் என்று நினைப்பாரே என்று பேசாமல் இருந்தேன். பிடிப்பதும் விடமுடியாததும் வேறு வேறு என்று யாராவது அன்றைக்கு அவரிடம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு கேள்வி. சிட்டலோபிராம் எலிக்கு உதவியது என்கிறீர்கள். எனக்கு முதல் சிகிச்சையில் செர்ட்ரலின் கொடுத்தார்கள், அதுவும் அதே வகைதானே? ஏழு மாதம் எடுத்தேன். போதை விஷயத்தில் ஒரு மண்ணும் மாறவில்லை.

#7 நரம்பிழை

சகோ, நீங்கள் மட்டுமல்ல. செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சவிடாத மருந்துகளைக் கொக்கெய்ன் அடிமைத்தனத்துக்குப் பல தடவை சோதித்தார்கள், தேறவில்லை. மெத் எடுத்தவர்களிடம் செர்ட்ரலினைச் சோதித்து 2006இல் வெளியான ஆய்வில் நிலைமை இன்னும் மோசம்: செர்ட்ரலின் எடுத்தவர்களில் தொடர்ந்து மூன்று வாரம் விலகியிருக்க முடிந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவு. மனச்சோர்வு தனியாக இருந்தால் அதற்கு அந்த மருந்து பயன்படலாம், அது வேறு கணக்கு.

எலியில் பலித்தது மனிதரில் ஏன் பலிக்கவில்லை? என் கருத்தைச் சொல்கிறேன். செரோட்டோனின் தடுப்பது இணைப்பு கெட்டிப்படுவதை. வருடக்கணக்கில் கெட்டிப்பட்டுப்போன இணைப்பை அது அவிழ்க்கும் என்று பொருளில்லை. சேறு உலர்வதற்கு முன் தண்ணீர் தெளிப்பதும், சுட்ட செங்கல்லின் மேல் தண்ணீர் தெளிப்பதும் ஒன்றாகாது. தவிர மாத்திரை எல்லா ஏற்பிகளிலும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. ஒரு ஏற்பியை மட்டும் குறிவைத்த லோர்காசெரின் என்ற எடைக்குறைப்பு மருந்து மீது சில காலம் நம்பிக்கை இருந்தது. புற்றுநோய் அச்சத்தால் 2020இல் அமெரிக்காவில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

மெத் பற்றி ஒரு வார்த்தை. அது செரோட்டோனினைவிட டோபமைனைப் பல மடங்கு வீரியமாக வெளியே தள்ளுகிறது. எக்ஸ்டசி எனப்படும் எம்டிஎம்ஏ நேர்மாறு. குரங்குகளிடம் இப்படிப்பட்ட வேதிப்பொருள்களை வரிசையாகக் கொடுத்துப் பார்த்தபோது, டோபமைனோடு ஒப்பிடச் செரோட்டோனின் பங்கு கூடக்கூட அவை அதற்காகப் பாடுபடுவது குறைந்தது. எம்டிஎம்ஏ ஆபத்தில்லாதது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது உடல் வெப்பத்தை ஏற்றிக் கொல்லும். நான் சொல்வது பிடிமானத்தைப் பற்றி மட்டும்.

#8 கடுகளவு

அப்படியானால் மெதில்ஃபெனிடேட்? கவனக்குறைவுக் கோளாறுக்குக் குழந்தைகளுக்குத் தருவது. டோபமைன் பம்பை அடைக்கும், செரோட்டோனின் பம்பைத் தொடவே தொடாது. உங்கள் கொள்கைப்படி அது கொக்கெய்னைவிடப் பயங்கரமானதாக இருக்கவேண்டும். இதைப் படிக்கும் பெற்றோர் யாராவது பயந்து மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார்களே என்பதும் என் கவலை.

#9 நரம்பிழை

நல்லவேளை கேட்டீர்கள். பெற்றோர் யாரும் நிறுத்தவேண்டாம். சிறுவயதில் அந்தச் சிகிச்சை பெற்றவர்கள் பிற்காலத்தில் கூடுதலாகப் போதைக்கு அடிமையாவதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது.

காரணம் வேகம். போதை ஆராய்ச்சியாளர் நோரா வோல்கோவின் குழு மூளைப் படங்கள் எடுத்துக் காட்டியது இதைத்தான்: மாத்திரையாக விழுங்கும்போது மருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்து மெதுவாக மூளையில் ஏறுகிறது. புகையாகவோ ஊசியாகவோ போகும் கொக்கெய்ன் சில நிமிடங்களிலேயே ஏறிவிடுகிறது. டோபமைன் எவ்வளவு ஏறியது என்பதைப் போலவே எவ்வளவு சட்டென்று ஏறியது என்பதும் முக்கியம். அதே மெதில்ஃபெனிடேட்டைப் பொடித்து உறிஞ்சினால் கதை மாறிவிடும்.

இதனால்தான் "செரோட்டோனின்தான் காரணம்" என்ற வாக்கியத்தை நான் எழுதமாட்டேன். வேகம், அளவு, எடுத்த காலம், சிறுவயதுத் துயரம், அவசரப்படும் சுபாவம், பரம்பரை, தற்செயல், எல்லாம் சேர்ந்த நெசவில் அது ஒரு இழை.

சிறுவயதுத் துயரம் என்றேன். தாயிடமிருந்து பிரித்துச் சம வயதுக் குட்டிகளோடு மட்டும் வளர்க்கப்பட்ட ரீசஸ் குரங்குகளின் தண்டுவட நீரில் செரோட்டோனின் சிதைபொருள் குறைவாக இருந்தது. அவை எளிதில் ஆத்திரப்பட்டன, மது கொடுத்தால் கூடுதலாகக் குடித்தன. மது, கொக்கெய்ன் மெத் போலத் தூண்டிவிடும் ஸ்டிமுலன்ட் இல்லை, அதனால் நேரடியாகப் பொருத்தமாட்டேன். ஆனால் வளரும்போது பட்ட அடி இந்த அமைப்பைத் தொடுகிறது என்பதற்கு அது சாட்சி.

#10 மூன்றாம்பிறை

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். 5-எச்டிபி டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

கடைசியாக எழுதியது என்னை உறுத்துகிறது. எங்கள் அப்பா தவறும்போது தம்பிக்கு ஆறு வயது. அம்மா இரண்டு வேலை பார்த்தாள். இதைப் படித்தால் "அப்போ என் தப்புதான்" என்பாள்.

#11 இரவுப்பணி

அக்கா, அப்பாவை இழந்த பிள்ளைகளில் பெரும்பாலானவங்க போதைக்குப் போறதில்லை. இரண்டு வேலை பார்த்து வளர்த்தது அவனுக்குக் கிடைச்ச பாதுகாப்பு. அதை அம்மாவிடம் நீங்கதான் சொல்லணும்.

இனி என்ன செய்யலாம்னு சொல்றேன். ஸ்டிமுலன்ட் போதைக்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து அமெரிக்காவில்கூட இதுவரை இல்லை. "இதைப் போட்டா விட்டுடுவான்" என்று யார் மாத்திரை விற்றாலும் வாங்காதீங்க. மெத்துக்கு நால்ட்ரெக்ஸோன் ஊசியும் புப்ரோபியானும் சேர்த்துக் கொடுத்த சோதனை 2021இல் வந்தது. பலன் கிடைச்சவங்க 13.6 சதவீதம், மருந்தில்லாத போலி ஊசியும் மாத்திரையும் எடுத்தவங்களில் 2.5 சதவீதம். சின்னப் பலன்தான், ஆனா உண்மையான பலன்.

இதுவரை நல்லா வேலை செஞ்சது ஊக்கப்பரிசு முறை. வாரத்துக்கு இரண்டு மூணு தடவை சிறுநீர் பரிசோதனை, சுத்தமா இருந்தா உடனே ஒரு சின்னப் பரிசுச் சீட்டு, தொடர்ந்து சுத்தமா இருக்க இருக்க மதிப்பு ஏறும். கேட்கிறவங்க "லஞ்சமா?" என்பாங்க. ஆனா எடைபோடுற இடம்தான் பாதிக்கப்பட்டிருக்குன்னு மேலே படிச்சோமே, அந்தத் தராசின் மறுதட்டில் கையில் பிடிக்கக்கூடிய ஒரு எடையை வைக்கிற வேலை இது. கூடவே நடத்தை சார்ந்த ஆலோசனை. போதையை விட்ட முதல் நாட்களில் மனசு பாதாளத்துக்குப் போகும், தற்கொலை எண்ணம் வரலாம். அப்போ தனியா விடாதீங்க.

#12 மூன்றாம்பிறை

வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். தம்பி வருகிறேன் என்றிருக்கிறான்.

நேற்று இரவு அம்மாவிடம் அந்தச் சுண்டெலிக் கதையைச் சொன்னேன். ஒரே மாதிரி எலிகள், ஒரே கூண்டு, சிலது மட்டும் சிக்கிக்கொண்டது என்று. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "சிக்குன எலிய அப்புறம் என்ன பண்ணாங்க? அதுக்குச் சரியாச்சா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நரம்பிழை, தெரிந்தால் சொல்லுங்கள்.

#13 நரம்பிழை

தெரியும். 2018 ஆய்வில் அதையும் செய்தார்கள். விடாப்பிடியாக நின்ற எலிகளில், கெட்டிப்பட்ட அந்த இணைப்பை ஒளியால் தளர்த்தினார்கள். விடமுடியாமல் அழுத்திக்கொண்டிருந்த எலிகளில் அந்த வேகம் குறைந்தது. மனிதருக்கு இன்று அப்படிச் செய்ய வழியில்லை, அம்மாவுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் அந்த இணைப்பு ஒருவழிப் பாதை இல்லை. கெட்டிப்பட்டது தளர முடியும் என்று தயங்காமல் சொல்லலாம்.

#14 திரும்பிவந்தவன்

நாலு வருடம் இரண்டு மாதம் என்று ஒருவன் எழுதினான் என்றும் அம்மாவிடம் சொல்லுங்கள் அக்கா. வியாழக்கிழமை தம்பி வாசல் வரை வந்து திரும்பிப் போகப் பார்ப்பான். நானும் இரண்டு தடவை திரும்பிப் போனேன். மூன்றாவது தடவை அப்பா கூட வந்து உட்கார்ந்தார், ஒன்றும் பேசவில்லை.

#15 இரவுப்பணி

போகும்போது அவன் எடுக்கிற எல்லா மருந்தின் பட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டுப் போங்க. பேர் ஞாபகம் இருக்குன்னு நினைச்சுப் போனா அங்கே மறந்துடும்.